ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாவுக்கு என்ன சமைப்பது?

கேள்வி:

மிஸ், நாங்கள் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது, கொழுந்து எடுக்கிறவர். நிமோனியா என்று 9 நாள் வார்ட்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் கொஞ்சம் இருக்கிறது. எழும்பி நடந்தால் கால் நடுங்குகிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்கிறார், எல்லாம் கசக்கிறதாம். போன வருஷம் கிளினிக்கில் 47 கிலோ இருந்தவர் இப்போது 41. தீபாவளிக்கு முன்னமே சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பிரஷர் மாத்திரை எடுக்கிறார், சீனி வருத்தம் இல்லை. பக்கத்துக் காம்பரா பெரியம்மா முட்டை, மீன், தயிர், வாழைப்பழம் எதுவும் 40 நாளைக்குக் கூடாது, சளி கட்டும் என்கிறார். அதனால் கஞ்சி, ரஸ்க், சாயத்தண்ணி என்றுதான் ஓடுகிறது. பார்மசியில் சொன்னார்கள் என்று 4,000 ரூபாவுக்கு மேல் கொடுத்து ஒரு சத்துமா டின் வாங்கினேன், அதுவும் பாதி முடிந்துவிட்டது. நான் டவுனில் கடையில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவேன். தம்பி உயர்தரம் படிக்கிறான். அம்மாவுக்கு என்ன கொடுத்தால் தேறுவார்? எப்போது வேலைக்கு இறங்கலாம்? பேர் விழாமல் கிடக்கிறதே, நாட்கூலி போகிறதே என்று அவர்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்:

தங்கச்சி, காய்ச்சல் விட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், பெரிய கண்டம் தாண்டியாயிற்று. இனி இருப்பது பெரும்பாலும் சாப்பாட்டு வேலைதான். ஆனால் அதற்குப் போக முன், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். தீபாவளிக்கு முன்னமே சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் நிமோனியா வருவதற்கு முன்பே அம்மா மெலியத் தொடங்கிவிட்டார். காரணம் தெரியாமல் மெலிவதும் இரண்டு கிழமைக்கு மேல் இருமுவதும் ஒன்றாக இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விவரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள், அல்லது டிஸ்பென்சரியில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் நுவரெலியாவில் மார்பு நோய் கிளினிக்கில் இலவசமாகவே பார்த்துத் தருவார்கள். அப்படியே வெறும் வயிற்றில் ஒரு இரத்தப் பரிசோதனை, சீனிக்கு. சீனி வருத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, கடைசியாக எப்போது பார்த்தது? உடம்பு இளைப்பதற்கும் நெஞ்சில் கிருமி பிடிப்பதற்கும் பின்னால் தெரியாமல் கிடக்கும் சீனி வருத்தம் இருப்பது அபூர்வம் இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு நிமோனியா வந்து ஆறு கிழமையில் நெஞ்சு எக்ஸ்ரே இன்னொன்று எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். அதையும் கிளினிக்கில் கேளுங்கள். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. உள்ளே வேறு ஏதாவது இருந்தால் நான் கீழே எழுதப்போகும் முட்டையும் பருப்பும் எடையை ஏற்றாது, அவ்வளவுதான்.

இனி அந்தக் கால் நடுக்கம். கடுமையான காய்ச்சல் வரும்போது உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும், ஆனால் வாய் வழியாக உள்ளே போவது குறைந்துவிடும். விறகு தீர்ந்த வீட்டில் கதிரை மேசையை உடைத்து எரிப்பதுபோல, உடம்பு தன் தசையையே உடைத்துச் செலவழிக்கும். கட்டிலில் கிடப்பது அதை இன்னும் விரைவாக்கும். 2007 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத வயதானவர்களையே 10 நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டிருந்தது. உங்கள் அம்மா அதே அளவு நாள் நெஞ்சில் கிருமியோடு கிடந்தவர். நடுங்காமல் எப்படி இருக்கும்?

போன தசை திரும்ப வருவதற்குப் புரதம் வேண்டும், அதோடு அந்தப் புரதமும் விறகாக எரிந்துபோகாமல் இருக்க மாச்சத்தும் கொழுப்பும் போதிய அளவு வேண்டும். நோயிலிருந்து எழும்புகிற, வயது ஏறிய ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது நாளாந்தம் கொடுக்கப் பார்ப்போம். 41 கிலோவுக்கு அது 50 கிராம் அளவில் வருகிறது. இப்போது போவதைக் கணக்குப் பாருங்கள். ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் காய்ச்சிய தண்ணிக் கஞ்சியில் ஒரு கிளாஸுக்கு இரண்டு கிராம்தான் வரும். ரஸ்க்கில் கொஞ்சம். சாயத்தண்ணியில் ஒன்றும் இல்லை. எல்லாம் சேர்த்தாலும் 15 கிராம் தேறாது. அம்மா சாப்பிடுகிற மாதிரிதான் தெரிகிறது, வயிறும் நிறைகிறது, ஆனால் நிறைவது தண்ணீரால்.

கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. வாய் கசந்து கிடப்பவருக்குக் கஞ்சியைவிட இலேசாக இறங்குவது வேறு எது? அதைக் கெட்டியாக்குங்கள். அரிசியில் பாதியளவு பாசிப்பயறு எடுத்து, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, இரண்டு மூன்று பல் பூண்டோடு அரிசியில் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். ஒரு கரட்டைத் துருவிப் போடுங்கள். இறக்கப்போகிற நேரத்தில் ஒரு முட்டையை அடித்து, கொதிக்கிற கஞ்சியில் நூல்போல ஊற்றிக் கிளறி, முட்டை நன்றாக வெந்த பிறகு மிளகுத்தூள் போட்டு இறக்குங்கள். உடனே குடிக்கிற கஞ்சியென்றால் கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கிளாஸ் சேர்க்கலாம். பழைய கிளாஸ் அளவுதான், ஆனால் இப்போது அதில் 12, 13 கிராம் புரதம் இருக்கும். இரண்டு வாயில் போதும் என்பவருக்கு அந்த இரண்டு வாயும் இப்படி இருக்க வேண்டும்.

பெரியம்மா விஷயத்துக்கு வருவோம். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் டவுனுக்குப் போன பிறகு அம்மாவை எட்டிப் பார்ப்பவர் அவர்தானே. பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. மிளகு ரசம், பூண்டு, இஞ்சி, சூடாகக் கொடுப்பது, எண்ணெயில் பொரித்ததைத் தள்ளி வைப்பது, ஆள் கூட்டம் சேரவிடாமல் ஓய்வாக இருக்கவிடுவது, இதெல்லாம் நோயாளிக்கு நல்லதுதான். விலக்குகிற பட்டியலில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முட்டையோ மீனோ வாழைப்பழமோ நெஞ்சில் சளியை உண்டாக்குவதில்லை. சளி வருவது கிருமிக்கு எதிராக நுரையீரல் நடத்துகிற வேலையால். தயிர் குடித்ததும் தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற மாதிரி இருக்கலாம், அது சளி இல்லை. குளிர்ந்ததைக் குடித்தால் சிலருக்கு இருமல் கிளம்பும், கந்தப்பளைக் குளிரில் அது இன்னும் உண்மை. அதற்குத் தயிரைக் கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் வைத்துக் குளிர் போன பிறகு கொடுத்தால் போதும். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தயிரை விட்டுவிடுங்கள், பால்மா இருக்கிறது. முட்டையையும் மீனையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 40 நாள் புரதம் இல்லாமல் போனால் பிறகு அம்மா தேறப் பல மாதம் இழுக்கும்.

பெரியம்மாவிடமே ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்களேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி ரசம் வைத்துத் தரச் சொல்லுங்கள், அவர் கைப்பக்குவத்தில், மிளகு சீரகம் தூக்கலாக. ஆனால் ஒன்று. நம் வீடுகளில் கோழி அடித்தால் ரசம் நோயாளிக்கு, இறைச்சி பிள்ளைகளுக்கு. ரசத்தில் ருசியும் சூடும் உப்பும் இருக்கும், புரதம் பெரும்பாலும் சட்டியில் கிடக்கிற இறைச்சியில்தான். அதை நூல் நூலாகப் பிய்த்து ரசச்சோற்றில் பிசைந்து அம்மாவுக்குக் கொடுங்கள். அவர் "எனக்கு வேணாம், தம்பிக்கு வையி" என்பார். லயத்தில் வளர்ந்தவள் நானும், இந்த வசனம் எனக்குப் புதிதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்றே பழகியவர்கள் நம் அம்மாமார். இந்த மூன்று மாதத்துக்கு முதல் தட்டு அம்மாவுக்கு என்று தம்பியிடமும் சொல்லி வையுங்கள்.

உங்கள் பெரிய சிக்கல் நேரம். காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை நீங்கள் இல்லை, அம்மா அடுப்படியில் நின்று சமைக்கும் நிலையிலும் இல்லை. விறகு அடுப்பென்றால் இப்போதைக்கு அந்தப் புகைப் பக்கமே அவர் போகக் கூடாது. அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டுக் கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை கொஞ்சம் என்று ஆறு தடவைக்குப் பிரித்தால் நிறைந்த வயிறு என்ற தொல்லையும் குறையும். நீங்கள் புறப்படும் முன் ஒரு ரொட்டியும் பருப்பும், அல்லது ரொட்டியும் முட்டைப் பொரியலும். பிளாஸ்க்கைக் கொதிநீர் ஊற்றி அலசிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் பயற்றங்கஞ்சியை ஊற்றி மூடி வையுங்கள், பத்து மணிக்கு அது. இந்தக் கஞ்சியில் மட்டும் தேங்காய்ப்பால் வேண்டாம், கெட்டுவிடும். முட்டையும் இதில் ஊற்றாதீர்கள், அவித்த முட்டையொன்றைக் கோதோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கட்டில் பக்கத்தில் ஒரு மேசையில் வாழைப்பழம், வறுத்த கச்சான், தண்ணீர்ப் போத்தல். பகல் சோற்றைத் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்கி அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். தனியாகச் சாப்பிடுகிற நோயாளி எப்போதும் குறைவாகத்தான் சாப்பிடுவார். நாலு மணிக்குப் பால்மா மூன்று மேசைக்கரண்டி போட்டுக் கரைத்த பால். இரவு நீங்கள் வந்து சமைப்பது. படுக்கும் முன் இன்னும் ஒரு அரைக் கிளாஸ் பால், முடிந்தால்.

இதில் இரண்டு முட்டை, ஒரு கிளாஸ் பால், 60 கிராம் பருப்பும் பயறும், கொஞ்சம் நெத்தலி, 150 கிராம் அரிசியோ மாவோ போனாலே அந்த 50 கிராம் புரதம் வந்துவிடும். நாள்தோறும் இறைச்சி தேவையில்லை. நான் மலையகத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு எழுதிக் கொடுக்கும்போது முதலில் எழுதுவது நெத்தலிக் கருவாடும் மைசூர்ப் பருப்பும் முட்டையும்தான். இந்த விலைவாசியில் காசுக்கேற்ற புரதம் அதில்தான் கிடைக்கிறது.

நெத்தலியை இளஞ்சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவை கழுவி எடுத்தால் உப்பு நன்றாகக் குறையும். பிரஷர் இருப்பவருக்கு இதைச் செய்யாமல் கொடுக்காதீர்கள். பிறகு வெயிலிலோ இளம் சூட்டிலோ உலர்த்தி, மொறுமொறுவென்று வறுத்து, இடித்துப் போத்தலில் போட்டு வைத்தால் சோற்றிலும் கஞ்சியிலும் சம்பலிலும் ஒரு கரண்டி தூவலாம். முள்ளோடு போவதால் கல்சியமும் கிடைக்கும். மென்று தின்னத் தெம்பில்லாதவருக்கு இந்தப் பொடி நல்ல வழி. சோயாமீட்டும் அப்படித்தான், 100 கிராம் உலர்ந்த சோயாவில் ஏறத்தாழ 50 கிராம் புரதம். அதோடு வருகிற சின்ன மசாலாப் பக்கட்டை மட்டும் வீசிவிட்டு வீட்டுக் கறித்தூளில் சமையுங்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உப்பு. டின்மீன் மாதத்தில் நாலைந்து தடவை சரி.

கடலை, கௌபி பற்றி மலைநாட்டுக்கே உரிய ஒரு விஷயம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கந்தப்பளையும் அதற்குக் குறைந்ததில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், 100 வரை ஏறாது. அதனால்தான் கொழும்பில் முக்கால் மணி நேரத்தில் வேகிற கடலை இங்கே எவ்வளவு கொதித்தாலும் கல்லாகக் கிடக்கிறது. அரைகுறையாக வெந்ததைத் தின்று வயிறு ஊதினால் "பருப்பு வாய்வு" என்று பழி பருப்பின்மேல் விழும். இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் வையுங்கள். குக்கர் இல்லையென்றால் இப்போதைக்குக் கடலையை விட்டுவிட்டு மைசூர்ப் பருப்போடும் உடைத்த பயறோடும் நின்றுகொள்ளுங்கள். அவை இங்கேயும் சுலபமாக வெந்துவிடும்.

மரக்கறிக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது, நாட்டுக்கே கரட்டும் லீக்ஸும் கோவாவும் அனுப்புகிற ஊர். கரட்டைக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமையுங்கள், அதிலிருக்கும் விற்றமின் ஏ கொழுப்போடுதான் உடம்பில் சேரும். ஏதாவது ஒரு கீரை அடிக்கடி. கொய்யா, பப்பாசி, தோடம்பழம் எது மலிவோ அது. பட்டர் புரூட் (அவகாடோ) காலமென்றால் அதை விடாதீர்கள், கொஞ்சம் தின்றாலே நிறைய சக்தி. ஆனால் மரக்கறி சூப்பை மட்டும் பெரிய கோப்பையில் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட வேண்டாம், இப்போது அந்த இடம் முட்டைக்கும் பருப்புக்கும் வேண்டும்.

அந்த டின். கெட்டது என்று சொல்லமாட்டேன். மெல்லவே முடியாதவர்கள், வாய்ப்புண் வந்தவர்கள், பெரிய ஒப்பரேஷன் செய்தவர்கள், இவர்களுக்கு நாங்களே எழுதிக் கொடுப்பதுண்டு. உங்கள் அம்மா ரஸ்க் மென்று தின்கிறவர். அந்த 4,000 ரூபாவை இரண்டு முட்டைத் தட்டுக்கும் ஒரு பால்மாப் பக்கட்டுக்கும் நெத்தலிக்கும் பிரித்துப் போட்டால் அதைவிட நிறைய நாள் வரும். மீதியிருப்பதை வீணாக்காமல் டின்னில் போட்டிருக்கிற அளவுப்படி கரைத்து நாலு மணிப் பாலுக்குப் பதிலாகக் கொடுத்து முடியுங்கள். நீண்ட நாள் வரட்டும் என்று தண்ணியாகக் கரைத்தால் அதுவும் பழைய கஞ்சிக் கதைதான். இன்னொன்று, பக்கத்து வீட்டில் யாராவது திரிபோஷா தந்தால் வாங்காதீர்கள். நல்ல மாதான், சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் என்று அளந்து கொடுப்பது அது. உங்கள் அம்மாவுக்கு வந்தால் ஒரு பிள்ளைக்குக் குறையும்.

தேத்தண்ணி. தேயிலை மலையில் இருப்பவரிடம் அதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டோடு குடிக்கிற சாயம் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் செய்துவிடும். நோய்க்குப் பிறகு இரத்தம் குறைந்திருக்கிற பெண்ணுக்கு அது பெரிய நட்டம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சாப்பாட்டுக்குச் சற்று முன்னாலும் வேண்டாம், சீனி போட்ட ஒரு கோப்பை சாயத்தண்ணி உள்ளே போனால் கொஞ்சநஞ்சப் பசியும் செத்துவிடும். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், அது இரும்புச்சத்தை நன்றாகச் சேர வைக்கும். இரும்பு மாத்திரை தந்திருந்தால் அதையும் தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. தராவிட்டால் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், இரத்தத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சொல்லட்டும்.

வாய்க்கசப்புக்குப் பாதிக் காரணம் அன்டிபயோட்டிக்காக இருக்கும், மருந்து முடிந்து சில நாளில் அது குறையும். இன்னும் மருந்து ஓடுகிறதென்றால் அது என்ன மருந்து, பாலோடு எடுக்கலாமா என்று பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். டொக்ஸிசைக்கிளின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்றவற்றைப் பால் குடித்த கையோடு விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பிடும் முன் வாயைக் கழுவி, நாக்கை வழித்துவிட்டு, இஞ்சியும் உப்பும் ஒரு துளி தேசிக்காயும் நக்கக் கொடுத்தால் ருசி கொஞ்சம் திரும்பும். நாக்கில் தயிர்போல வெள்ளை படிந்து, வழித்தாலும் போகாமலோ திரும்பத் திரும்ப வந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள், அது பூஞ்சணமாக இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: அம்மா புகையிலை வைத்து வெற்றிலை போடுகிறவரா? ஆமென்றால் நிறுத்துவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது, அது பசியையும் கெடுக்கும், ருசியையும் கெடுக்கும்.

பிரஷர் மாத்திரை பற்றியும் ஒரு சொல். ஆறு கிலோ இளைத்து, சாப்பாடும் குறைந்திருக்கும்போது பழைய அளவு மாத்திரை சில நேரம் பிரஷரை அதிகமாக இறக்கிவிடும். எழும்பும்போது தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் டிஸ்பென்சரியில் பிரஷரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரையும் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும், இளஞ்சூடாக.

சாப்பாடு மட்டும் காலுக்குப் பலம் தராது, கால் அசைந்தால்தான் அந்தப் புரதம் தசையாகும். கதிரையில் உட்கார்ந்து, கையால் ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி உட்காரச் சொல்லுங்கள், காலை, பகல், மாலை. முதலில் கையை ஊன்றினாலும் பரவாயில்லை. இந்தக் கிழமை லயத்து வாசல்வரை நடக்கட்டும், அடுத்த கிழமை தண்ணீர் பிடிக்கிற பீலிவரை, வெறுங்கையோடு. வாளியைத் தூக்க வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க மூச்சு இடம் கொடுத்தால் அந்த வேகம் சரி. கிழமைக்கொரு தடவை ஒரே தராசில் எடை பாருங்கள். கால் கிலோ, அரைக் கிலோ ஏறினாலே நல்ல வேகம். இரண்டு கிழமை இப்படிச் சாப்பிட்டும் ஏறாவிட்டாலோ இறங்கினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள். காய்ச்சல் திரும்புதல், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், சளியில் இரத்தம், பேச்சில் தடுமாற்றம், இதில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

வேலைக்கு இறங்குவது பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் புரிகிறது. பேர் விழாத மாதம் எப்படி இருக்கும் என்பது தெரியாமல் நான் ஓய்வெடுங்கள் என்று எழுதவில்லை. ஆனால் நிமோனியாவின் கணக்கு இப்படி: இருமலும் மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் குறைய ஆறு கிழமை ஆகும், மூன்று மாதத்திலும் அசதி மிச்சம் இருக்கும், முழுதாகப் பழையபடி ஆக ஆறு மாதம்கூட ஆகலாம். கூடையைத் தலையில் மாட்டி, ஈர மலையில் ஏறி இறங்கி, 15, 20 கிலோ கொழுந்தோடு நிறுவைக்கு வருவது இலேசான வேலை இல்லை. நோய் தொடங்கிய நாளிலிருந்து ஆறு கிழமை ஆகும்வரை மலைப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு, லயத்திலிருந்து மேல் ரோட்டுக்கு நிற்காமல் ஏற முடிகிறதா, மறுநாள் அந்த அசதி போய்விடுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் டொக்டரிடம் இலேசான வேலைக்கென்று ஒரு கடிதம் வாங்கி, தோட்டத்து ஒபிஸில் கொடுத்து, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில்) உதவியோ நாற்றுமேடை வேலையோ கேட்டுப் பாருங்கள். சில தோட்டங்களில் தருகிறார்கள், சிலவற்றில் தருவதில்லை. தராவிட்டால் அரை நாளாகத் தொடங்க முடியுமா என்று கங்காணியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அம்மாவை அனுப்பினால் "முடியும் ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே கூடையை எடுத்துவிடுவார்.